சுண்டுவிரல் மடங்குவதற்குள்

என் கை தெளிவாகப் பேசவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது என் மனைவி. கைக்குழந்தையாக இருக்கும்போதே காய்ச்சலில் காது போனவள் அவள். காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி விடுதியில் வளர்ந்தாள். வகுப்பில் உதட்டைப் பார்த்துப் படிக்கச் சொல்வார்களாம். விடுதிக்குள் வந்ததும் பிள்ளைகள் கையால்தான் பேசிக்கொள்வார்களாம். அந்தப் பேச்சைக் கல்யாணத்துக்குப் பிறகு எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அண்ணாமலை நகரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் பேசுவதற்கு இருப்பது இரண்டு பேர், நான்கு கைகள்.

ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து ஏதோ கடைக்கதை சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் நிறுத்தி, "கொஞ்ச நாளாக நீ மென்று மென்று பேசுகிறாய்" என்றாள். கைப்பேச்சில் நீ, நீங்க என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. என் சொந்தக்காரர்களுக்கு இது தெரியாதது நல்லதாகப் போயிற்று. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என் வலது கையை இழுத்து, விளக்குக்கு நேரே விரித்துப் பார்த்தாள். சுண்டுவிரலும் மோதிர விரலும் முழுசாக நிமிரவில்லை.

உள்ளங்கையில், மோதிர விரலுக்குக் கீழே, மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி இருப்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். காய்ப்பு என்று நினைத்துக் குளிக்கும்போது கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தேன். கடலூர்ப் பக்கம் மீனவக் குப்பத்தில் பிறந்தவனுக்கு உள்ளங்கையில் எது தடித்தாலும் காய்ப்புதான். வலைக்கயிறு இழுக்கும் கைகளுக்கு நடுவே வளர்ந்தால் வேறு எதுவும் தோன்றாது. ஆனால் நான் கயிறு இழுக்கிறவன் இல்லை, ஜெராக்ஸ் கடை நடத்துகிறவன். பட்டனை அழுத்தி அழுத்தி யாருக்காவது கை காய்த்திருக்கிறதா? அந்தப் புத்தி அப்போது வரவில்லை.

கடலூரில் கைக்கென்றே இருக்கும் ஒரு டாக்டரிடம் போனேன். மேஜைமேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தார். கை மேஜையில் கிட்டத்தட்டப் படிந்தது. தோலுக்கு அடியில் இருக்கும் சவ்வு தடித்து, கயிறாகத் திரண்டு, விரலை உள்ளே இழுக்கிற நோய் என்றார். வலிக்காது, உயிருக்கு ஒன்றும் ஆகாது, சிலருக்கு அப்படியே நின்றுவிடும், சிலருக்குப் போகப்போக விரல் மடங்கிவிடும் என்றார். சர்க்கரை உண்டா என்று கேட்டார். குடும்பத்தில் வேறு யாருக்காவது விரல் இப்படி மடங்கியிருக்கிறதா என்று கேட்டார். இரண்டுக்கும் இல்லை என்றேன். அப்படியானால் அவசரம் வேண்டாம், சில மாதம் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லும் டாக்டரைப் பிடிக்காதவர் யார்? பஸ்ஸில் சிதம்பரம் வரும்வரை கையைத் தொடைமேல் விரித்து வைத்துக்கொண்டு வந்தேன்.

அந்த வருஷம் மாசி மகத்துக்கு ஊருக்குப் போனேன். சாமிகள் கடலுக்கு வந்து திரும்பிய பிறகு, நானும் என் அண்ணனும் அவர் படகு நிழலில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் இன்னும் கடலுக்குப் போகிறவர். நான் டீ கிளாஸைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டச் சொன்னார். மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"இது அப்பா கைடா" என்றார்.

அப்பாவின் கடைசி இரண்டு விரல்கள் எப்போதும் உள்ளங்கைக்குள்தான் இருக்கும். அவர் கையிலிருந்து ஒன்றும் கீழே விழாது என்று குப்பத்தில் கேலி பேசுவார்கள். கயிறு இழுத்து இழுத்து அப்படியாகிவிட்டது என்று அவரும் சொன்னார், ஊரும் சொன்னது. யாரும் அதை நோய் என்று சொன்னதே இல்லை. டாக்டர் கேட்டபோது அப்பாவின் கை எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. அது எங்களுக்குத் தொழில் போட்ட அடையாளம், அவ்வளவுதான்.

அண்ணன் தன் இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினார். பலகை மாதிரி நேராக விரிந்தன. "சின்ன வயசுலேருந்து கயிறு புடிக்கிறவன் நானு. என் கைக்கு ஒண்ணும் ஆவல. படிக்கப் போனவன் நீ, உனக்கு எப்படிடா வந்துது?" என்று கேட்டார். கேட்கும்போதே அவருக்கும் புரிந்துவிட்டது. கயிறு ஒரு பாவமும் செய்யவில்லை. அப்பாவின் கை ரத்தத்தோடு வந்து என்னிடம் சேர்ந்திருக்கிறது.

மறுபடி டாக்டரிடம் போனபோது மனைவியையும் கூட்டிப்போனேன். அப்பாவைப் பற்றிச் சொன்னதும் டாக்டரின் முகம் மாறியது. இடது கையையும் வாங்கிப் பார்த்தார். அங்கேயும் ஒரு சின்னக் குழி விழுந்திருந்தது. இனிச் சும்மா காத்திருக்கச் சொல்ல முடியாது என்றார். நிதானமாகத்தான் சொன்னார். கட்டிக்குள் ஊசி போட்டால் அது கொஞ்சம் மிருதுவாகலாம், இழுப்பு நிற்கும் என்று சொல்ல முடியாது. ரேடியேஷன் கொடுக்கலாம், அதற்குச் சென்னைக்குப் போக வேண்டும். விரல் நன்றாக மடங்குவதற்கு முன்னால் கொடுத்தால்தான் பலன். அதுவும் சிலருக்குத்தான். டாக்டர்களுக்குள்ளேயே அதில் ஒத்த கருத்து இல்லை. பல வருஷம் கழித்துக் கெடுதல் வர சின்ன வாய்ப்பு உண்டு. அதெல்லாம் வேண்டாமென்றால், மடங்கிய பிறகு ஆபரேஷன்.

இதையெல்லாம் என் மனைவிக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, எந்தக் கையைப் பற்றிப் பேச்சோ அந்தக் கையாலேயே அவளுக்குச் சொன்னேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கேவலமான வேலையைச் செய்ததில்லை. கடைசியில் டாக்டர் கொஞ்சம் நீளமாகப் பேசினார். நான் சுருக்கமாக முடித்துக்கொண்டேன்.

"அவர் இன்னும் சொன்னார். சொல்" என்றாள்.

ஒன்றுமில்லை என்றேன். அவள் டாக்டரின் உதட்டைக் காட்டினாள், பிறகு என் கையைக் காட்டினாள். டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் சொன்னேன். ஆபரேஷன் செய்தாலும் திரும்ப வரலாம். அப்பாவுக்கும் இருந்து, இரண்டு கையிலும் ஆரம்பித்திருப்பதால் வர வாய்ப்பு ஜாஸ்தி. ஒவ்வொரு தடவை வெட்டும்போதும் விரல் நரம்புக்கு ஆபத்து கூடும். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். டாக்டருக்கு வணக்கம் வைத்துவிட்டு முதலில் எழுந்ததும் அவள்தான்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஆபரேஷன் செய்தால் எவ்வளவு நாள் கட்டு இருக்கும் என்று கேட்டாள். பல வாரம் என்றேன். "அத்தனை வாரம் நீ ஊமை" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரேடியேஷன் வைத்துப் பின்னால் ஏதாவது வந்தால் என்ன செய்வாய் என்றாள். வைக்காமல் இருந்து கை மூடிக்கொண்டால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். காலையில் வேண்டாம் என்போம், சாயங்காலம் போய்த்தான் பார்ப்போமே என்போம். பேசிப் பேசி மோதிர விரல் களைத்துப்போகும். அவள் அதைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திவிடுவாள். அதுதான் எனக்கு ஆத்திரமாக வரும்.

கடைக்கு வருகிறவர்களுக்கு யோசனைக்குப் பஞ்சமில்லை. அதான் போன் இருக்கிறதே, டைப் பண்ணிக் காட்டலாமே என்றார் ஒருவர், கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். உங்கள் வீட்டில் சாம்பாரில் உப்புப் போதவில்லை என்பதை இனிமேல் எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் வேறு கடைக்குப் போய்விட்டார். எழுதிக் காட்டுவதும் பேசுவதும் ஒன்றா? அவளுடைய பிறந்த வீட்டார் அவளிடம் வாயைப் பெரிதாகத் திறந்து மூடுவார்கள், இரண்டு நிமிஷத்தில் அலுத்துப்போய் டிவி பக்கம் திரும்பிவிடுவார்கள். நாள் முழுக்க வீட்டில் பிளவுஸ் தைக்கிறாள். தைக்கக் கொடுக்கிறவர்கள் அளவு ஜாக்கெட்டைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அவளோடு பேசுகிற ஆள் இந்த ஊரில் நான் ஒருவன்தான். என் கை மூடிக்கொண்டால் அவள் தனியாகிவிடுவாள். எனக்கு வேறு எந்தக் கவலையும் கிடையாது. பட்டனை மூன்று விரலால்கூட அழுத்தலாம்.

கடைசியில் ரேடியேஷன் என்று முடிவு செய்தோம். நம்பிக்கை வந்து செய்த முடிவில்லை. நாள் போய்க்கொண்டே இருந்தது, ஏதாவது ஒன்றைச் செய்தாக வேண்டியிருந்தது. சென்னையில் நாள் வாங்கினேன். அண்ணன் போனில், "போயிட்டு வா, பாத்துக்கலாம்" என்றார். அவர் குரலிலும் நம்பிக்கை இல்லை.

கிளம்புகிற அன்று காலை பையை மூடிக்கொண்டிருந்தேன். அவள் வந்து என் தோளைத் தட்டினாள். கைப்பேச்சில் எல்லோருக்கும் ஒரு பேர் உண்டு. விடுதியில் சேர்ந்த புதிதில் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பேர், சுண்டுவிரலை நிமிர்த்தி, இடது புருவத்தில் இருக்கும் தழும்பின் மேல் மெல்ல இழுப்பது. அவளுக்குத் தெரிந்து அவளுடைய பேர் அதுதான். ரேஷன் கார்டில் இருக்கும் பேரை அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

ஆள்காட்டி விரலைப் புருவத்தில் வைத்துக் காட்டினாள். "இனிமேல் என் பேர் இது" என்றாள்.

எதற்கு, என் சுண்டுவிரலுக்காகத்தானே போகிறோம், சரியாகிவிடும் என்றேன். அவள் மறுபடியும் ஆள்காட்டி விரலையே புருவத்தில் இழுத்துக் காட்டினாள். அவளுக்குத் துளிகூட நம்பிக்கை இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாளும் எனக்காகத்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். பழகிக்கொள், கூப்பிடு என்றாள்.

ஆள்காட்டி விரலை என் புருவத்தில் வைத்து இழுத்தேன். அவள் சரியாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டாள். நான் யாரோ ஒருத்தியைக் கூப்பிட்டதுபோல் இருந்தது.