பயம் தெரியாத பிள்ளை

திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, கூலி விவசாயிகள் குடியிருந்த தெருவில் ராமாயி பால்வாடி டீச்சராக இருந்தாள். வாய் திறக்காத பிள்ளையையும் பேச வைத்துவிடுவாள் என்று அவளுக்குப் பெயர்.

தொண்ணூற்று மூன்றில், ஆனந்தவல்லி என்ற டாக்டர் தஞ்சாவூரிலிருந்து ஓர் ஆய்வுக்காக வந்தார். பயப்படும்போது உடம்பில் சுரக்கும் நீர் எச்சிலிலும் தெரியுமாம். பத்து நாள், காலையும் மாலையும் பிள்ளைகள் பஞ்சைச் சப்பிக் கொடுத்தார்கள். அந்த மாதம்தான் குடியிருந்த மனை யாருக்கு என்ற தகராறு முற்றி, நிலத்துக்காரரின் ஆட்கள் நான்கு குடிசைகளைப் பிரித்துப் போட்டிருந்தார்கள்.

பால்வாடியில் தன்னைத் தவிர யாரிடமும் பேசாத பவுனு என்ற பிள்ளைக்குத்தான் அந்தச் சுரப்பு அதிகம் இருக்கும் என்று ராமாயி நினைத்திருந்தாள்.

"அவளுக்குச் சரியாத்தாம்மா இருக்கு. கூச்ச சுபாவம், அவ்வளவுதான்" என்றார், முடிவுகளோடு திரும்பி வந்த டாக்டர். "அஞ்சுகத்துக்குத்தான் அதிகம். சாயங்காலத்துல குறையணும், குறையவே இல்லை."

"அவளுக்கா? யாரு வந்தாலும் முன்னாடி போயி நிப்பாளே டாக்டரம்மா. பயமே கிடையாதுங்க."

"எதுக்குப் போயி நிக்கிறான்னு பாத்தீங்களா?"

பிரித்துப்போட்ட குடிசைகளில் ஒன்று அஞ்சுகத்தின் வீடு. வண்டிச் சத்தம் கேட்டால் அந்த நாலரை வயதுக் குழந்தை வாசலுக்கு ஓடும். வந்தவர் கையைப் பிடித்துச் சிரிக்கும். அதைத் தைரியம் என்று ராமாயி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

கூலிப் போராட்டம் நடந்த வருஷம், அப்பாவைப் பிடித்துப்போக போலீஸ் ஜீப் வந்தபோது ஐந்து வயது ராமாயியும் அப்படித்தான் முன்னால் போய்ச் சிரித்தாள். தைரியசாலி என்றார்கள். அதன்பின் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் இன்றும் அவள் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய்விடுவாள்.

டாக்டர் சொன்ன மறுநாள், பால்வாடியில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு அஞ்சுகம் எழுந்தாள்.

"நீ உக்காரு தங்கம். யாருன்னு நான் பாத்துட்டு வந்து சொல்றேன்."

குழந்தை உட்காரவில்லை. ராமாயி தினமும் அதையே சொன்னாள்; போய்ப் பார்த்துவிட்டு வந்து, "தபால்காரருதான்" என்றோ "ஆடு வாங்க வந்தவங்க" என்றோ சொன்னாள். நாலாவது வாரம் ஒரு டிராக்டர் வந்தது. அஞ்சுகம் வாசலைப் பார்த்தாள், பிறகு டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே அழ ஆரம்பித்தாள்.

ராமாயி அவளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அழாதே என்று சொல்லவில்லை.

மனைப் பட்டா வர இன்னும் மூன்று வருஷம் ஆயிற்று. டாக்டர் மறுபடி எச்சில் எடுக்க வரவேயில்லை; அந்தச் சுரப்பு குறைந்ததா என்று ராமாயிக்குத் தெரியாது. முன்பெல்லாம் பால்வாடியில் கண்ணே மூடாத அஞ்சுகம், இப்போது மத்தியானங்களில் தூங்கினாள். அது தெரியும்.