நான்காவது ரவுண்டு

வாழைப்பழமும் மூட்டுவலித் தைலமும் கலந்த வாசனை...

இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை வந்தால், குத்தம்பாக்கம் பக்கம் ஒரு வெட்டவெளி, இன்னும் விடியாத காலை, ஈரத் தரையில் வரிசையாக நிற்கும் சைக்கிள்கள் எல்லாம் கூடவே வந்துவிடும்.

ஆவடியில் முப்பது வருடங்களுக்கு மேல் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்து, ஓய்வு பெற்ற அடுத்த வருடம் அது. பள்ளிக்கு சைக்கிள் மிதித்துப் பழகிய கால் சும்மா இருக்கவில்லை. எங்கள் ஃபிளாட்டில் இருக்கும் ஐ.டி. பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் கிளம்புவார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன். தேவி அப்படித்தான் பழக்கமானாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுபவள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். எந்தப் பந்தயமானாலும் எனக்கு முன்னால் போகிறவள்.

அந்த சீசனில் இருவரும் நான்கு பந்தயங்களுக்குப் பெயர் கொடுத்தோம்.

சைக்கிள் பந்தயத்தில் எனக்கு பஞ்சர். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானில் நீச்சல் குளத்தின் பாதியில் சுவரைப் பிடித்தேன், பிறகு விடவே இல்லை. ஓட்டமும் சைக்கிளும் மட்டும் சேர்ந்த முதல் டுவாத்லானில் நேரம் முடிந்துவிட்டது என்று பாதி வழியிலேயே நிறுத்திவிட்டார்கள். மூன்றிலும் எல்லைக்கோட்டைத் தொடவில்லை. இதற்கிடையில் டாக்டர் என் முழங்காலைப் பார்த்துவிட்டு, "சைக்கிள் ஓட்டுங்க. ஓட்டம் இதோட போதும் டீச்சர்" என்றார்.

ஒரே ஒரு டுவாத்லான் பாக்கி. கெஞ்சி அனுமதி வாங்கினேன்.

ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டும், பிறகு சைக்கிளில் நான்கு ரவுண்டு, மறுபடி ஒரு சின்ன ஓட்டம். எல்லாம் இரண்டே கால் மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். அப்போதெல்லாம் அவரவர் ரவுண்டை அவரவர்தான் எண்ணிக்கொள்வோம். ஹேண்டில்பாரில் நான்கு ரப்பர் பேண்ட் மாட்டிக்கொள்வது வழக்கம். எல்லைக்கோட்டின் மேல் காற்றடைத்த பெரிய வளைவு ஒன்று நிற்கும். அதைக் கடக்கும்போது ஒன்றை உருவிவிட வேண்டும்.

அன்று கால் லேசாக இருந்தது. கடைசி ரப்பர் பேண்டையும் உருவிவிட்டு, சைக்கிளை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி ஓட ஆரம்பித்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது நிமிடம் மிச்சம்! நடந்தே போனாலும் முடித்துவிடலாம்...

எதிரே சைக்கிளில் தேவி வந்தாள்.

"இன்னா டீச்சர்! எனக்கு முன்னாடி ஓடிக்கினு கீறீங்க? பறந்து வந்தீங்களா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். என் கால் நின்றுவிட்டது. தேவிக்கு முன்னால் நான் எப்படி வர முடியும்?

நின்ற இடத்திலேயே விரல் விட்டு எண்ணினேன். முதல் ஓட்டம் முடிந்து சைக்கிளை எடுத்துக் கிளம்பினேனே, அப்போதும் வளைவைக் கடந்தேன். அப்போதே ஒன்றை உருவிவிட்டேன். ஒரு ரவுண்டுகூடச் சுற்றாமல்! அப்படியானால் சுற்றியது மூன்று ரவுண்டுதான்.

ஐந்து கம்பம் நட்டால் நடுவில் எத்தனை இடைவெளி? ஒவ்வொரு வருடமும் பலகையில் கம்பம் வரைந்து கேட்ட கேள்வி. ஐந்து என்று சொன்ன பிள்ளைகளை எத்தனை தடவை திரும்ப எண்ணச் சொல்லியிருப்பேன்!

திரும்பி வந்தேன். சைக்கிள்களுக்குப் பக்கத்தில் தன்னார்வலராக நின்ற பெண்ணிடம், "ஒரு ரவுண்டு குறையுதும்மா" என்றேன்.

"அதெல்லாம் நாங்க எண்ணல ஆன்ட்டி. முடிஞ்சுதுன்னு நினைச்சுட்டு ஓடுங்க. டைம் இருக்கு, மெடல் வாங்கிடலாம்."

பாசத்தோடுதான் சொன்னாள். பொய் சொல்ல மாட்டேன், ஆசையாக இருந்தது. மறுபடி சைக்கிளை எடுத்தால் நேரத்துக்குள் முடிக்க முடியாது. அந்தக் கணக்கில் தப்பே இல்லை. இதை விட்டால் இன்னொரு பந்தயமும் கிடையாது.

ஹெல்மெட்டை மாட்டினேன்.

அந்த ரவுண்டில் சாலையில் என்னைத் தவிர யாரும் இல்லை. எதிர்க்காற்று. பாதி தூரம் அழுதுகொண்டே மிதித்தேன். மீதித் தூரம் என்னை நானே திட்டிக்கொண்டே மிதித்தேன். பிறகு அந்தக் கடைசி ஓட்டம்... முழங்கால் ஒவ்வோர் அடிக்கும் பேசியது.

வளைவு கண்ணில் படும்போது நேரம் முடிந்து ஏழு நிமிடம் ஆகியிருந்தது. கழற்றி எடுத்துப்போக அதன் காற்றைத் திறந்துவிட்டிருந்தார்கள். கழுத்தில் மெடலோடு தேவி அங்கே சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"இரு நைனா, காத்தப் புடுங்காத! எங்க டீச்சர் வருது!"

"டைம் முடிஞ்சிடுச்சுக்கா."

"டைம் முடிஞ்சா இன்னா? ஆள் வருதில்ல? புடிடா அந்தப் பக்கம்!"

தொங்கிப்போன வளைவை இரண்டு பேர் கையால் தூக்கிப் பிடிக்க, குனிந்து உள்ளே நுழைந்தேன். அந்த சீசனில் நான் கடந்த ஒரே எல்லைக்கோடு அது.

மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னேன். தேவி இடுப்பில் கை வைத்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இத்த வெளில சொல்லாதீங்க டீச்சர். கணக்கு டீச்சர்னு வேற சொல்லிக்கினு கீறீங்க!"

அப்புறம் இரண்டு பேரும் ஈரத் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம்.

நான் இப்போது ஓடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவியோடு பூந்தமல்லி வரை சைக்கிள், ஒரு டீ, திரும்பி வீடு. அவள் இன்னும் பந்தயங்களுக்குப் போகிறாள், நான் கைதட்டப் போகிறேன். இப்போது கணுக்காலில் ஒரு பட்டை கட்டிவிடுகிறார்கள். ரவுண்டை அதுவே எண்ணிக்கொள்கிறது. நல்ல ஏற்பாடு, என்னைப் போல யாரும் ஏமாற மாட்டார்கள்.

அன்றைய முடிவுப் பட்டியலில் என் பெயருக்கு எதிரே நேரம் இல்லை, ஒரு கோடுதான் இருக்கிறது. வருத்தமில்லை. அந்த ஒரு காலையில் என் ரவுண்டை யாரும் எண்ணாமல் என்னிடமே விட்டார்களே... அதற்கு நன்றி சொல்லத்தான் தோன்றுகிறது.