லாவுக்குப் பின்னால் எங்கள் வீடு

பல்கலைக்கழகத்தில் நான் படித்ததில்லை, குடியிருந்திருக்கிறேன். என் படிப்பு தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. அப்பா சிங்கப்பூரில் புக்கிட் தீமா சாலைப் பக்கம் மேட்டின்மேல் இருந்த பெரிய பல்கலைக்கழகத்தில் தோட்டக்காரர். சரிவுகளில் புல் வெட்டுவதும் செடிகளுக்குத் தண்ணீர் விடுவதும் அவர் வேலை. வேலையாட்களுக்கென்று கட்டியிருந்த லைன் வீட்டில் நானும் அப்பாவும் அம்மாவும் இருந்தோம். ஐம்பதுகளின் கடைசி அது.

அங்கே ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. எங்கள் வாயில் அது நுழையவில்லை. லைன் வீட்டுக்காரர்கள் தாங்களாகவே பெயர் வைத்துக்கொண்டார்கள். ரசாயனம் படிக்கும் இடத்துக்கு நாத்தம் என்று பெயர். அழுகின முட்டை வாடை எந்நேரமும் அங்கிருந்து வரும். "உங்கப்பா எங்க?" என்று யாராவது கேட்டால், "நாத்தத்துல இருக்காரு" என்று கூசாமல் சொல்வோம். நூலகத்துக்கு உஸ் என்று பெயர். உள்ளே தும்மினால்கூட ஒரு வெள்ளைக்கார அம்மா உதட்டில் விரலை வைத்து உஸ் என்பாராம். டீன் என்கிற பெரிய அதிகாரி உட்கார்ந்த இடம் எங்களுக்கு டின். அங்கே பால் டின் விற்கிறார்கள் என்றுதான் அம்மா ரொம்ப நாள் நினைத்திருந்தாள். "நீங்க இங்க வேலை செய்யிறவரு, கொஞ்சம் மலிவா கேட்டுப் பாருங்களேன்" என்று அப்பாவை நச்சரித்தாள்.

இரண்டு பெரிய புல்வெளிகளில் ஒன்று மேல் புல், மற்றது கீழ் புல். கீழ் புல்லின் ஓரத்தில் நின்ற தூங்குமூஞ்சி மரத்துக்குப் படிக்காத மரம் என்று பெயர். படிக்க வந்த பிள்ளைகள் ஜோடி ஜோடியாக அதன் அடியில் உட்கார்ந்திருப்பார்கள், மடியில் புத்தகம் இருக்கும், யாரும் அதைப் பார்க்கமாட்டார்கள். தூண் வைத்த பெரிய மண்டபத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை பட்டம் கொடுப்பார்கள். அன்றைக்குப் பூச்செண்டும் போட்டோவும் அழுகையும் சிரிப்புமாக இருக்கும். அதனால் அதைக் கல்யாண மண்டபம் என்றோம்.

ஒரு பெயரை மட்டும் நாங்கள் மாற்றவில்லை. சட்டம் படிக்கும் இடத்தை எல்லாரும் லா என்றார்கள், நாங்களும் லா என்றோம். ஒரே எழுத்து, சுலபம். எங்கள் லைன் வீடு அந்த லாவுக்கு நேர் பின்னால் இருந்தது. அந்த ஒரே எழுத்துதான் என் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தது.

அதற்கு முன்பே என்னை இரண்டு வீட்டார் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் தலையை நிமிர்த்தவே இல்லை என்பதால் கழுத்தில் ஏதோ கோளாறு என்றார்கள் முதலில் வந்தவர்கள். அடுத்து வந்தவர்கள் பெயரைக் கேட்டார்கள், எனக்கு வாய் வரவில்லை. ஊமை என்று முடிவு கட்டிவிட்டார்கள். "இந்தத் தடவ பேரையாவது சொல்லித் தொலைடி" என்று அம்மா கெஞ்சினாள்.

மூன்றாவதாக வந்த இடம் சிராங்கூன் ரோட்டுப் பக்கம். மாப்பிள்ளை பஸ் கண்டக்டர். அவர் வேலை பார்த்த பஸ்ஸில் நான் ஒரு முறை தேக்கா சந்தைக்குப் போயிருக்கிறேன். ஒரு சீனப் பாட்டி சந்தைக்குக் கொண்டுபோன உயிர் வாத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அது கத்தக் கத்த, மறுகையால் டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இறங்குகிற பெண்களிடமெல்லாம் "பாத்து எறங்கு தங்கச்சி, பாத்து" என்றார். எனக்குப் பிடித்துப்போனது. யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாத்துக்காரர்தான் மாப்பிள்ளை என்று போட்டோவைப் பார்த்துத் தெரிந்தபோது, இந்த இடம் மட்டும் தட்டிப்போகக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

அவர்கள் வரவேண்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவருடைய அம்மா சாஸ்திரம் பார்ப்பவர். சாயங்காலம் ராகுகாலம் தொடங்குமுன் பெண்ணைப் பார்த்துவிட வேண்டும், பிடித்திருந்தால் அப்போதே தட்டு மாற்றிக்கொள்ளலாம், தாமதமானால் சகுனம் சரியில்லை என்று திரும்பிவிடுவோம் என்று முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்.

அவர்களை அழைத்து வர அப்பா கீழ் வாசலில் போய் நின்றார். அவர்கள் மேல் வாசலில் இறங்கிவிட்டார்கள். வந்தது மூன்று பேர்: மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமா. அங்கே மலாய்க்கார ஜாகா ஒருவர் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். தோட்டக்காரர் வீடு எங்கே என்று மாமா மலாயில் கேட்டிருக்கிறார்.

"பிலாக்காங் லா" என்றாராம் ஜாகா.

பிலாக்காங் என்றால் பின்னால். லாவுக்குப் பின்னால் என்று அவர் சரியாகத்தான் சொன்னார். ஆனால் இந்த ஊரில் வா லா, போ லா, சாப்பிடு லா என்று எதற்கும் ஒரு லா ஒட்டிக்கொண்டு வரும். "பின்னாலதான் லா" என்று சொல்கிறார் என்று மாமா எடுத்துக்கொண்டார். எதற்குப் பின்னால் என்று அவர் கேட்கவில்லை. எதிரே தெரிந்த கட்டடத்தின் பின்னால் போனார்கள். வீடு இல்லை. அதற்கும் பின்னால் இருந்த கட்டடத்தின் பின்னால் போனார்கள். குழாயை மூடிக்கொண்டிருந்த ஒரு ஆளைக் கேட்டால் அவரும் "பிலாக்காங் லா" என்றார். இப்படிப் பின்னால் பின்னால் என்று போய் நாத்தத்தைச் சுற்றி, உஸ்ஸைச் சுற்றி, கடைசியில் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மூச்சு வாங்கிவிட்டது. படிக்காத மரத்தடியில் அவரும் மாமாவும் உட்கார்ந்துகொள்ள, மாப்பிள்ளை மட்டும் வழி தேடிக் கிளம்பினார்.

இந்தக் கதை நடந்துகொண்டிருந்தபோது எங்கள் வீட்டில் வேறு ஒரு கூத்து. தேக்காவிலிருந்து எனக்கு வாங்கி வந்த மல்லிகைச் சரத்தை அம்மா வாசலில் தண்ணீர் தெளித்து வைத்திருந்தாள். அடுத்த வீட்டு ஆடு வந்து அதை நாரோடு தின்றுவிட்டது. அம்மாவுக்குப் பஜ்ஜிச் சட்டியை விட்டு நகர முடியவில்லை.

"உஸ்ஸுக்குப் பக்கத்துல உங்கப்பா வச்ச மல்லிச்செடி இருக்குல்ல, ஓடிப் போய்ப் பறிச்சிட்டு வா. சேலையெல்லாம் வந்து கட்டிக்கலாம்."

பழைய பாவாடை தாவணியோடு, நீல ரிப்பன் கட்டிய ஒற்றைச் சடையோடு ஓடினேன். முந்தின நாள் மழையில் செம்மண் குழைந்து கிடந்தது. பூவைப் பறித்து முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"தங்கச்சி! இங்க தோட்டக்காரரு வீடு எங்கம்மா?"

திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. வாத்துக்காரர். நான்தான் அந்தப் பெண் என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் எப்படி வழி காட்டுவது? செடியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"உஸ்ஸத் தாண்டி, நாத்தத்துக்கு எடப்பக்கமா திரும்பி, டின் வரும், அதுக்கு மேல லா, லாவுக்குப் பின்னால."

அவர் ஓரடி பின்னால் நகர்வது கேட்டது.

"ஏன் தங்கச்சி, நான் என்ன தப்பா கேட்டுட்டேன்?"

இனிச் சொல்லிப் பயனில்லை என்று முன்னால் நடந்தேன். அவர் பின்னால் வந்தார். ஒரு தடவைகூட நான் திரும்பவில்லை. அவர் சும்மா வந்தாரா? கண்டக்டர் வாய் ஆயிற்றே.

"நீ அந்த லைன் வீட்டுப் பொண்ணா?"

"ம்."

"தோட்டக்காரரு மகளத் தெரியுமா? ஊமைன்னு எங்க மாமாகிட்ட யாரோ சொல்லிருக்காங்க. பேசுமா?"

"பேசும்."

"பாக்க எப்படி?"

நன்றாக இருக்கும் என்று நானே எப்படிச் சொல்வேன்? இருக்காது என்று சொல்லவும் மனசில்லை. "இருக்கும்" என்றேன்.

"இருக்கும்னா?"

"இருக்கும்."

"சமையல்?"

"ரசம் நல்லா வைக்கும்." அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய்யாகிவிடக் கூடாதே என்று, "மீன் குழம்புதான் உப்பா போயிரும்" என்றும் சொல்லிவிட்டேன். என் ஆயுசில் அதுவரை ஒரு ஆண்பிள்ளையிடம் அவ்வளவு பேசியதில்லை.

தூண் வைத்த மண்டபத்தைக் கடந்தோம். "இது என்ன எடம்?" என்றார்.

"கல்யாண மண்டபம்."

அவர் செருப்புச் சத்தம் சட்டென்று நின்றது. "அதுக்குள்ளயா! நாங்க பொண்ணு பாக்கத்தாம்மா வந்தோம்!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தாவணியை வாயில் அடைத்துக்கொண்டு நடந்தேன். கீழ் புல்லுக்கு வந்ததும் மரத்தடியில் அவருடைய அம்மா விசிறிக்கொண்டிருப்பது தெரிந்தது. "அவங்களக் கூட்டிக்கிட்டு அந்தக் கூரைக்குப் பின்னால போங்க, அதுதான் லா" என்று கையை மட்டும் நீட்டிக் காட்டிவிட்டு, பெரிய சாக்கடையை ஒரே தாண்டாகத் தாண்டிக் குறுக்கு வழியில் வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா என்னைச் சேலையில் சுற்றி, சடைமேல் பூவைச் செருகுவதற்கும் அவர்கள் வாசலுக்கு வருவதற்கும் சரியாக இருந்தது. அப்பாவும் எங்கெங்கோ தேடிவிட்டு வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். நான் காப்பித் தட்டோடு போய் வழக்கம்போலத் தரையைப் பார்த்தபடி நின்றேன்.

"பேரென்னம்மா?" என்றார் அவருடைய அம்மா. எனக்கு மறுபடியும் வாய் அடைத்துக்கொண்டது. அவர் தம்பியான மாமாவைப் பார்க்கிறார், மாமா அக்காவைப் பார்க்கிறார். நான் நிமிராவிட்டாலும் அது எனக்குத் தெரிந்தது.

அம்மா சமாளிக்கப் பார்த்தாள். "கூச்சம்ங்க. கைவேலை பாத்தீங்கன்னா, மீன் குழம்பு வச்சா ஊரே மணக்கும்."

"உப்பா இருக்கும்னாங்களே" என்றார் மாப்பிள்ளை.

அம்மாவுக்குச் சுருக்கென்றது. "யாரு சொன்னா?"

"வழியில ஒரு தங்கச்சி..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். எங்கே பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. என் கால். சேலை கட்டிய அவசரத்தில் காலைக் கழுவவில்லை. கணுக்கால்வரை செம்மண்.

"மாமா" என்றார் மெதுவாக. "பொண்ணக் கொஞ்சம் திரும்பி நிக்கச் சொல்லுங்க."

"என்னது?"

"பின்பக்கம் பாக்கணும்."

"பின்பக்கம் பாக்கணுமா! மாடா வாங்க வந்தீங்க?" என்று அப்பா எழுந்தேவிட்டார். மாமா, "டேய், இது என்னடா புதுப் பழக்கம்?" என்று மாப்பிள்ளையின் தொடையில் கிள்ளினார். எல்லாம் போயிற்று என்று எனக்குத் தெரிந்தது. யாரும் சொல்லாமல் நானே திரும்பி நின்றேன். பூவுக்குக் கீழே நீல ரிப்பன் ஆடியது.

"அய்யய்யோ, இதுதான் அந்தத் தங்கச்சி!" என்றார் அவர்.

நடந்ததெல்லாம் வெளியே வந்தது. மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருடைய அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "தங்கச்சின்னு வாய் நெறைய கூப்பிட்டிருக்கான். அந்த மொற சொன்னதுக்கப்புறம் எப்படிக் கட்டுறது?"

"அக்கா, இவன் பஸ்ஸுல ஏறுற பொண்ணையெல்லாம் தங்கச்சிங்கறான். அதப் பாத்தா இவனுக்கு சிங்கப்பூர்லயே பொண்ணு கெடையாது. சாங்கியிலேருந்து புக்கிட் தீமா வரைக்கும் எல்லாம் இவன் தங்கச்சிதான். படகேறிப் போய்த்தான் தேடணும்."

அம்மாள் அதற்கும் அசையவில்லை. யோசித்தார். எதிரே சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் யோசித்து முடிப்பதற்குள் ராகுகாலம் வந்துவிடும் போலிருந்தது. எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ, சுவரைப் பார்த்து நின்றபடியே சொன்னேன்:

"ராகுகாலம் வருது. தட்ட மாத்துங்க லா."

அந்த அம்மாளே முதலில் சிரித்தார். "ஊமைன்னு எவன்டா சொன்னான்?" என்று தம்பியைக் கேட்டுக்கொண்டே வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்தார்.

ராகுகாலம் முடியட்டும் என்று உட்கார்ந்து பஜ்ஜியெல்லாம் தீர்ந்தபிறகு கிளம்பினார்கள். அப்பா துணைக்கு வருகிறேன் என்றதற்கு, இப்போது எல்லாம் தெரிந்துவிட்டது, வேண்டாம் என்றார் மாமா. கொஞ்ச நேரம் கழித்து அம்மா பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொட்ட வெளியே போனவள் என்னைக் கூப்பிட்டாள். "இங்க வந்து பாருடி. ஏன் அங்கயே நிக்கிறாங்க?"

மூன்று பேரும் லாவின் வாசற்படியில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். பஸ் எங்கே என்று ஜாகாவைக் கேட்டிருக்கிறார்கள். "டெபான் லா" என்றிருக்கிறார். முன்னாலேதான் லா, அதோ சாலை தெரிகிறதே என்ற அர்த்தத்தில்தான் அவர் சொன்னார். இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று மாமா அவர்களை லாவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

அம்மா என்னைத் தள்ளிவிட்டாள். என்னைக் கண்டதும் அவர் வாயைத் திறந்து, தங்கச்சி வரப் பார்த்ததோ என்னவோ, மூடிக்கொண்டு, "இங்க பாருங்க, பஸ்ஸு..." என்றார்.

"இங்க வராது" என்றேன் தரையைப் பார்த்து. "வாங்க."

நான் நடந்தேன். இந்தத் தடவை அவர் எனக்குப் பின்னால் வரவில்லை, பக்கத்தில் வந்தார். அவருடைய அம்மாவும் மாமாவும்தான் பிலாக்காங்.