தரையில் படுத்துப் பார்க்கிறவர்

காந்திமதி குப்புறப் படுத்து, இடது கன்னத்தைச் சிமெண்டுத் தரையில் வைத்து, முன்பின் பழக்கமில்லாத ஒருவர் வீட்டு இரும்புக் கேட்டின் அடியை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்காரர் வளவனூரில் உரக்கடை வைத்திருப்பவர். நாய்க்குட்டி கேட்டிருந்தார். வந்த அம்மாளுக்குத் தலைசுற்றல் ஏதும் வந்துவிட்டதோ என்று சொம்பில் தண்ணீரோடு நிற்கிறார். காந்திமதி கேட்டுக்கும் தரைக்கும் நடுவே கையை மடக்கி நுழைக்கிறார். மணிக்கட்டு வரை போகிறது.

"என் கை பூந்துச்சின்னா அவனும் பூந்துடுவான். இங்க ஒரு தகடு அடிச்சிட்டு போன் பண்ணுங்க. அதுக்கு மின்ன குட்டி கெடையாது."

திண்டிவனத்துக்காரர். வயது நாற்பத்தெட்டு. ஒரு கால்நடை மருத்துவரிடம் பதினோரு வருடம் உதவியாளராக இருந்து, நகம் வெட்டுவதிலிருந்து பிரசவம் பார்ப்பது வரை கண்ணாலும் கையாலும் கற்றவர். இப்போது வீட்டில் இரண்டு பெட்டை நாய்கள். மினியேச்சர் பின்ச்சர் என்று பெயர். முழு வளர்ச்சி அடைந்தாலும் நாலு கிலோ தாண்டாத, ஆனால் தன்னை நாற்பது கிலோ என்று நினைத்துக்கொண்டிருக்கிற பொடி நாய்கள். இரண்டும் மாறி மாறி, வருடத்துக்கு ஒரு ஈற்றுதான். குட்டி கேட்டு வருகிறவர்களுக்குக் குட்டியைக் காட்டுவதற்கு முன்னால் அவர்கள் வீட்டைத் தான் பார்த்தாக வேண்டும் என்பது காந்திமதியின் சட்டம். பார்ப்பது என்றால் நின்று பார்ப்பதல்ல. நாயின் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் தன் கண்ணை வைத்துப் பார்ப்பது.

"குட்டி டாபர்மேன்தானே இது?" என்று கேட்டால் பொறுமையாகச் சொல்வார். "இல்லீங்க. டாபர்மேன் சிறுத்து இது ஆவல. இது வேற. நீங்க பெருசா வளரும்னு நெனச்சி வாங்கினா ஏமாந்துடுவீங்க." "சாதி நாய்தானே?" என்று கேட்டால் மட்டும் பொறுமை போய்விடும். "என்ன வகைன்னு கேளுங்க. அந்த வார்த்தைய மனுஷங்களோட சேத்து வெச்சிக்கினு நாங்க பட்டது போதும், நாய்க்கு வேற எதுக்கு?"

சோபாவில் உட்காரச் சொன்னால் உட்காருவார். உட்கார்ந்ததும் அதன் உயரத்தைச் சாண் போட்டுப் பார்ப்பார். இந்த நாயின் கால் எலும்பு கொத்தவரங்காய்த் தடிமன். துணிச்சலோ எல்லை கிடையாது. சோபாவிலிருந்து குதித்துக் காலை உடைத்துக்கொண்ட குட்டிகள் ஆறேழுக்குக் கட்டுப் போட்டவர் அவர். கழுத்தில் பட்டை போட்டு இழுத்தால் மூச்சுக்குழாய் நசுங்கும், மார்போடு சேர்த்துத்தான் வார் போட வேண்டும். தெருவில் மூணு நாட்டு நாய் படுத்திருந்தால் மூன்றையும் வம்புக்கு இழுக்கும். மார்கழியில் குளிர் தாங்காது. மிச்சம் விழுந்த தயிர்சாதமும் பிஸ்கட்டும் போட்டு வளர்க்கலாம் என்றிருந்தால் வேண்டாம். வாலை நறுக்கித் தரச் சொல்லிக் கேட்பவர்களைக் கேட்டுக்கு வெளியிலேயே அனுப்பிவிடுவார். "அது வாலாலதான் பேசுது. உங்க நாக்கை அறுத்தா நீங்க அழகாயிடுவீங்களா?"

எல்லாவற்றையும்விட முக்கியமானதை அவர் கடைசியில்தான் சொல்வார். "இது சும்மா இருக்காதுங்க. வேலை குடுக்கணும். காலைல அர மணி, சாயங்காலம் அர மணி ஓட வுடணும். வேலை இல்லன்னா அதுவே ஒரு வேலைய கண்டுபுடிச்சிக்கும். அப்பறம் நாய் கெட்ட நாயின்னு சொல்லக் கூடாது."

அவருடைய அம்மா திண்டிவனத்தில் தெரு பெருக்கியவர். எந்தெந்த வீட்டு வாசலில் அம்மா தள்ளி நின்று தண்ணீர் வாங்கிக் குடித்தாரோ, அந்த வீடுகளின் கூடத்தில், மின்விசிறிக்குக் கீழே, மகள் இன்று நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறார். "இந்தப் பொடிசுங்களுக்குத்தான் நான் கடன்பட்டிருக்கேன்" என்பார், மடியில் கிடப்பதன் காதை நீவியபடி. "அதுங்களுக்கு யாரு எந்தத் தெருன்னு தெரியாது. என் கை பட்டா போதும், படுத்துக்கும். அதப் பாத்துதான் மனுஷங்க கத்துக்கினாங்க." எல்லோரும் கற்றுக்கொண்டுவிடவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். தனக்கு மட்டும் காகிதக் கோப்பையில் காப்பி வந்தால் குடிக்க மாட்டார். அந்த வீட்டுக்குக் குட்டியும் போகாது.

போன ஐப்பசியில், நல்ல மழை நாளில், விழுப்புரத்திலிருந்து கலைப்பிரியா போன் செய்தாள். கல்யாணமாகி ஒரு வருடம் ஆன பெண். பிறந்த வீடு காணை. நாலு மாதத்துக்கு முன் காந்திமதியிடமிருந்து மிளகு என்கிற கறுப்புக் குட்டியை வாங்கிப் போனவள். குரலை அடக்கிப் பேசினாள்.

"அக்கா, சாயங்காலம் மிளகை பைபாஸ்ல கொண்டும்போய் வுட்டுடுவாங்களாம். என்னையும் ஒரு மண்டலம் எங்கம்மா வீட்ல போய் இருக்கச் சொல்றாங்க."

"நான் வர்றேன். அதுவரைக்கும் அவனை யார் கையிலயும் குடுக்காத."

நடந்தது இதுதான். பதினைந்து நாளாக, சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு, மிளகு பூஜை அலமாரிக்கு முன்னால் போய் நின்று முதுகு மயிர் சிலிர்க்கக் குரைத்தது. விரட்டினாலும் திரும்பி வந்து குரைத்தது. குரைக்கத் தொடங்கிய அடுத்த வாரமே கலைப்பிரியாவின் மாமியார் வீரம்மாள் குளியலறை வாசலில் விழுந்து கணுக்கால் உடைந்து, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். ஜோசியரை அழைத்தார்கள். ஜோசியர் காலையும் பார்க்கவில்லை, தரையையும் பார்க்கவில்லை. கட்டத்தைப் பார்த்தார். வீட்டில் ஏதோ ஒன்று புகுந்திருக்கிறதாம். அது கறுப்பு நாயின் கண்ணுக்குத் தெரிகிறதாம். அதை அழைத்து வந்ததும் அந்த நாய்தானாம். நாயை அழைத்து வந்தது யார்? மருமகள். உடைந்த கணுக்காலுக்கு இப்படியாகக் கலைப்பிரியா பொறுப்பாளி ஆனாள். புதிதாக வந்த பெண்ணின் தலையில் பழியைக் கொண்டுபோய் வைக்க எந்தக் கிரகமும் இதுவரை வழி தவறியதில்லை.

காந்திமதி போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தரை. பைக்கின் மேல் ஒரு சாக்கு தயாராகக் கிடந்தது. மாடிப்படிக்குக் கீழே கலைப்பிரியா மிளகை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க குடுத்த நாய்தானே? நீங்களே எடுத்துக்கினு போய்டுங்க. ஒரே பேஜாரு" என்றான் அவள் கணவன் ராஜ்குமார்.

"எடுத்துக்கினு போறேன் தம்பி. எதைப் பாத்துக் குரைக்குதுன்னு தெரிஞ்சிக்கினு போறேன்."

"அதான் ஜோசியர் சொல்லிட்டாரே" என்றார் நாற்காலியில் காலை நீட்டியிருந்த வீரம்மாள்.

"அவரு சொல்லிட்டாரு. இவனை யாராச்சும் கேட்டீங்களா?"

இருட்டத் தொடங்கியது. காந்திமதி மிளகைத் தரையில் விடச் சொன்னார். அது நேரே பூஜை அலமாரியின் வலதுபக்க மூலைக்குப் போய், மூக்கை அடியில் திணித்து, தரையைப் பிறாண்டிக் குரைத்தது. காந்திமதி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அதன் பக்கத்தில் குப்புறப் படுத்தார்.

"ஏம்மா, சாமி முன்னாடி ஒரு பொம்பள கால நீட்டிக்கினு படுக்கறதா?" என்றார் வீரம்மாள்.

காந்திமதி போன் வெளிச்சத்தை அடியில் செலுத்தி, கண்ணால் பார்ப்பதற்கு முன் மூக்கால் ஒரு முறை இழுத்துப் பார்த்தார். எழுந்து உட்கார்ந்தார்.

"தம்பி, அலமாரிய நகத்துங்க."

"டேய், தொடாத! நல்ல நேரம் பாக்காம சாமிய நகத்தக் கூடாது" என்றார் வீரம்மாள்.

"உள்ள பூந்தது நல்ல நேரம் பாத்தா பூந்துச்சி? ஜல்தி நகத்துங்க."

கலைப்பிரியாவிடம் மிளகைத் தூக்கிப் பிடிக்கச் சொன்ன பிறகுதான் நகர்த்தவிட்டார். அலமாரி ஒரு முழம் விலகியது. சுவரின் அடியில், குளியலறைக் குழாய் நுழைகிற இடத்தில், ஒரு தேங்காய் போகிற அளவுக்கு ஓட்டை. அதன் வாயில் குவியலாக ஈர மண். அந்த ஓட்டையிலிருந்து பூனைக்குட்டி அளவுக்கு ஒரு பெருச்சாளி பாய்ந்து, கூடத்தைக் குறுக்கே கடந்து, வாசல் வழியாக மழைக்குள் ஓடியது. ராஜ்குமார் எப்போது மேசையின் மேல் ஏறினான் என்பதை யாரும் பார்க்கவில்லை. மிளகு கலைப்பிரியாவின் கையில் துள்ளித் துடித்தது.

"வுடாத! வுட்டா புடிச்சிடுவான். ஆனா அது கடிச்சா இவன் தாங்க மாட்டான்" என்று சொல்லிக்கொண்டே காந்திமதி குளியலறை வாசலுக்குப் போனார். அங்கே ஒரு டைல்ஸைக் குதிகாலால் அழுத்தினார். அது ஒரு பக்கம் இறங்கி, மறுபக்கம் எழும்பியது.

"இங்கதானே வுழுந்தீங்க?"

வீரம்மாள் தலையாட்டினார்.

"கீழ மண்ணே இல்லம்மா. மழைக்குப் பயந்து வந்தது, உங்க தரைய கொடஞ்சி வெச்சிருக்கு. இந்த நாயிங்க எலி புடிக்கன்னே பொறந்ததுங்க. பதினஞ்சி நாளா அவன் வேலைய அவன் பாத்துக்கினு இருந்தான். நீங்க சாக்கு எடுத்துட்டீங்க."

மேசையிலிருந்து இறங்கிய ராஜ்குமார், வாசலுக்குப் போய், பைக்கின் மேல் கிடந்த சாக்கை எடுத்து ஓட்டைக்குள் திணிக்க ஆரம்பித்தான்.

வீரம்மாளுக்கு வேறொன்று தோன்றியது. "அப்ப இது பைரவரேதான்! கலை, அந்தக் குங்குமச் சிமிழ எடு."

"பேயும் வேணாம், பைரவரும் வேணாம். அவனை நாயா இருக்க வுடுங்க, போதும்" என்றார் காந்திமதி. பிறகு கலைப்பிரியாவை மட்டும் பார்த்துக் கேட்டார். "நீ சொல்லு. இவனை நான் எடுத்துக்கினு போவட்டுமா?"

கலைப்பிரியா மாமியாரைப் பார்க்கவில்லை, கணவனையும் பார்க்கவில்லை. "இருக்கட்டும்க்கா" என்றாள்.

"இருக்கட்டும், இருக்கட்டும். அவளும் எங்கயும் போவ வேணாம்" என்றார் வீரம்மாள் அவசரமாக. மாவுக்கட்டுக் காலோடு எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், உட்கார்ந்தபடியே இரண்டு கைகளையும் குவித்துக் காந்திமதியைக் கும்பிட்டார். "நீ மட்டும் வரலன்னா நான் பாவத்த கட்டிக்கினு இருப்பேன்மா. ஒனக்கு எப்டி நன்றி சொல்றதுன்னே தெரியல."

காந்திமதி குனிந்தார். குவிந்த அந்தக் கைகளைப் பிரிக்காமல் தன் இரண்டு கைகளாலும் பிடித்து, மெதுவாக, கலைப்பிரியா நின்றிருந்த பக்கமாகத் திருப்பி வைத்தார்.