சிரிக்காத ஏழாவது டேக்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இது கேமராமேன் சிவபாண்டிக்குப் போன ஐப்பசியில் நடந்தது. அதுவும் பட்டப்பகலில். விளாங்குடியில் அவன் வீடு இன்றைக்கும் பூட்டித்தான் கிடக்கிறது.

டைரக்டர் சூரியபிரகாஷுக்குப் பழைய கறுப்பு வெள்ளைக் கொலைப் படங்கள் என்றால் உயிர். அதே பாணியில் ஒரு குறும்படத்தை வில்லாபுரம் குடோன் ஒன்றில் எடுத்தார்கள். சுவரில் ஜன்னல் கம்பி நிழல், சிகரெட் புகை, தரையில் ஒரு பெண் பிணம். பிணமாக நடித்தவள் சிவபாண்டியின் மனைவி பாண்டிமீனா.

ஆறு டேக் வீண். ஒவ்வொன்றிலும் அவள் இமை துடித்துவிட்டது. ஏழாவது டேக், சரியாக மாலை 4.10. இமை அசையவே இல்லை.

"அடேயப்பா! என்னா நடிப்பு, தங்கச்சி!" என்று கைதட்டினார் சூரியபிரகாஷ்.

சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் எழுந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் எடுத்தால்தான் தோஷம் கழியும்.

"நான் சிரிக்கிறத எடுத்துருங்க, மாமா."

"பேட்டரி போச்சு புள்ள. நாளைக்கு எடுத்துக்கிருவோம்."

பாவி மனுஷன்! சார்ஜ் இருந்தது. அசதியில் சிவபாண்டி பொய் சொல்லிவிட்டான்.

பைக்கில் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கை ஜில்லென்று இருந்தது. வீட்டில் தோசை சுட்டாள். ராத்திரி கண்ணைத் திறந்தபடியே தூங்கினாள்...

மறுநாள் பகல் 3.15. சிவபாண்டி ஏழாவது டேக்கைப் போட்டுப் பார்த்தான். நான்கு நிமிடம். அவள் நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை. மறுபடி பார்த்தான்... மூச்சே இல்லை.

அடுத்த அறைக்கு ஓடினான். பாயில் படுத்திருந்தாள். படத்தில் கிடந்த அதே கோலம்.

கேமராவைத் தூக்கினான். சிரிப்பை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள்...

"சிரி புள்ள. ஒரே ஒரு தடவ."

சிரித்தாள்.

பதினொரு நொடி.

"போதும். எந்திரி."

சிரிப்பு நிற்கவில்லை...

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். "உயிர் போயி ஒரு நாள் ஆகுதுப்பா. நேத்து நாலு மணி வாக்குல."

அப்படியானால் தோசை சுட்டது யார்?

காரியம் முடிந்த அன்று அந்தப் பதினொரு நொடியைப் போட்டுப் பார்த்தான். அதில் அவள் சிரிக்கவேயில்லை. உதடும் அசையவில்லை. குரல் மட்டும் கேட்டது.

"நேத்தே எடுத்திருக்கலாம்ல, மாமா..."