காகிதத் துண்டை நீட்டிப் பார்க்கிறவள்

"அணையப் போற தீ ஏன்டி இப்படிக் குதிக்குது? பன்னெண்டு வருசம் படிச்சியே, சொல்லேன்."

அக்கா கேட்டபோது, பரீட்சையில் அடுப்பைப் பற்றிக் கேள்வியே வரவில்லை என்று சொல்லித் தப்பித்தேன்.

எரிவாயு அடுப்பு செய்யும் தொழிற்சாலையில் அக்காவுக்குச் சோதனை வேலை. புது பர்னரைப் பற்றவைத்து, வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, எந்த அளவில் தீ அணைகிறது என்று எழுத வேண்டும். ஒன்பது வருடமாக அதே மேசை. அன்று மதியச் சாப்பாடு கொண்டுபோன என்னை அருகில் நிறுத்திக் காட்டினாள். முதலில் தீ சீராகத் துடித்தது. இன்னும் குறைத்ததும் ஒரு துடிப்பு பெரிது, அடுத்தது சிறிது என்று மாறி மாறி வந்தது. அதற்கும் கீழே ஒழுங்கே இல்லை. ஓரத்துக்கு ஓடியது, சுருங்கியது, திடீரென்று ஒரு சாண் எழும்பியது. பிறகு ஒன்றுமில்லை.

"அணைஞ்சிருச்சு, எழுதிக்கோ" என்றேன்.

"அவசரக்குடுக்கை!" என்று ஒரு காகிதத் துண்டை பர்னருக்கு மேலே நீட்டினாள். முனை பழுப்பாகிச் சுருண்டது. பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத நீலத் தீ இன்னும் இருந்தது. "வந்த புதுசுல நானும் இப்படித்தான் எழுதிட்டு விரலை வெச்சேன்" என்று ஆள்காட்டி விரலின் தழும்பைக் காட்டினாள்.

மாமா, அதாவது அக்காவின் கணவர், கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தார். ஞாயிறுதோறும் நாலு மணிக்குப் போன் வரும். பிறகு ஒரு வாரம் நீண்ட பேச்சு, மறு வாரம் இரண்டே வார்த்தை. அப்புறம் ஒரே நாளில் மூன்று முறை. அதன்பின் நாற்பது நாள் மௌனம். ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம் பேசினார். ஜன்னல் திரை என்ன நிறம் என்றுகூடக் கேட்டார்.

"பாத்தியா, மாப்பிள்ளைக்கு வீட்டு நெனப்பு வந்துருச்சு!" என்று அம்மா பூரித்துப் போனாள். அக்கா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

"எனக்கு அந்த ஒரு சாண் தீதான்டி ஞாபகம் வந்துச்சு" என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

ஏழு மாதமாகப் போன் இல்லை. ஏதோ ஒரு துறைமுகத்தில் வேலையை விட்டு, நல்லபடியாகத்தான் இறங்கிப் போனார் என்கிறது கம்பெனி.

"அந்த ஆளைத் தலைமுழுகிட்டு வேற வழி பாரு" என்றாள் அம்மா.

"காகிதம் நீட்டிப் பாக்காம 'அணைஞ்சது'ன்னு எழுத மாட்டேன்மா."

"எங்கடி நீட்டுவ? கடல்லயா?"

அக்கா இப்போதும் ஞாயிறு நாலு மணிக்குப் போனை ஓர் எவர்சில்வர் பாத்திரத்துக்குள் வைக்கிறாள், மணி அடித்தால் வீடு முழுக்கக் கேட்கும் என்று.

அம்மாவின் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரிந்தால் அக்கா திட்டுவாள். கப்பலில் வேலை செய்யும் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர்களை இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள். விரல் தழும்பு என்றதுமே மாமாவுக்குப் புரிந்துவிடும். அவர் திரும்பி வர வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. ஒரு ஞாயிறு, நாலு மணிக்கு, அந்தப் பாத்திரம் ஒரு தடவை அதிரட்டும்.