ஆவரசம்பூவும் ஒரு கடி பனங்கட்டியும்

சமைக்கிற குசினிக்குக் கூரை வேய்ந்த அன்று இருந்தவர்கள் இவ்வளவு பேர். கூரையில் மாமா, அம்மாவின் தமையன். கீழே நின்று தென்னோலைக் கிடுகு எடுத்துக் கொடுத்தது அண்ணை. முற்றத்தில் கல் வைத்து அடுப்பு மூட்டியது அம்மா. வாங்குப் பலகையில் காலை நீட்டி, விரலில் துணி சுற்றி, கையில் கோப்பையோடு அப்பா. அவருக்குப் பக்கத்தில் நான். எனக்கு எட்டு வயது.

கோப்பையில் இருந்தது ஆவரசம்பூ அவித்த தண்ணீர். அப்பாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. மண்வெட்டி பட்ட கால்விரல் மூன்று மாதமாய் ஆறவில்லை. இனியும் இனிப்பைத் தொட்டால் விரலை எடுக்கவேண்டி வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அம்மா சீனிப் போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். இனிப்பு ஆசை வரும்போதெல்லாம் ஒரு கோப்பை ஆவரசம்பூ. அது அம்மாவின் சட்டம். பூ வேலியோரம் கிடந்தது.

முதல் இரண்டு நாளும் அப்பா முகத்தைச் சுளித்தார். பிறகு கேட்டு வாங்கிக் குடிக்கத் தொடங்கினார். நாளைக்கு ஆறு கோப்பை.

"மனிசன் இப்ப சீனியை நினைக்கிறதேயில்லை" என்று அம்மா கிணற்றடியில் பெருமைப்பட்டார்.

காரணம் எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் வெறுந்தேத்தண்ணியைச் சும்மா குடிப்பதில்லை. பனங்கட்டி ஒரு கடி, தேத்தண்ணி ஒரு மிடறு. அப்பா ஆவரசம்பூவையும் அப்படித்தான் குடித்தார். சந்தைக்கு மிளகாய் கொண்டுபோகிற நாளில், சாக்குக்குள் மடித்துக் குட்டான்கள் கொண்டுவருவார். குட்டான் என்றால் சின்ன ஓலைப் பெட்டிக்குள் வார்த்த பனங்கட்டி. அம்மா கோப்பையைத் தந்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பியதும் நான் ஒன்றை எடுத்துக் கொடுப்பேன்.

"பனங்கட்டி சீனியில்லைப் பிள்ளை. அது பனை."

பாதி அவருக்கு, பாதி எனக்கு.

வெறும் ஓலைப் பெட்டிதான் கரைச்சல். முற்றத்தில் போட்டால் அம்மாவின் விளக்குமாற்றில் அகப்படும். அடுப்பில் போட்டால் அங்கேயும் அம்மா. நான் குசினித் தாழ்வாரத்துக் கிடுகுக்குள் செருகிவிட்டேன். எங்கே போடுகிறாய் என்று அப்பா ஒருநாளும் கேட்கவில்லை.

மாமா பழைய கிடுகை இழுத்தார். எல்லாம் கொட்டின.

"தங்கச்சி, உன்ரை கூரை குட்டான் காய்க்குது."

அண்ணைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அம்மா சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினார். சுளகு நிறைந்தது. பிறகு அப்பாவின் காலைப் பார்த்தார்.

"உது ஆர் திண்டது?"

அப்பா கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்" என்றேன்.

"முழுக்கவோ?"

"ஓம்."

"கொப்பர் ஒண்டும் திண்ணேல்லையோ?"

"இல்லை."

அம்மா பூவரசங்கம்பு முறித்தார். "கொப்பர் வாயைக் கட்டிக்கொண்டு கிடக்கிறார். உனக்கு இனிப்புக் கேக்குதோ?" என்று சொல்லிச் சொல்லி என் காலில் அடித்தார். மாமா கூரையிலிருந்து, "காணும், விடு" என்றார். அப்பா கோப்பையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு சாக்கு வெறுமையாய் வந்தது. அப்பா ஆவரசம்பூவை மட்டும் குடித்தார். முகம் சுளிக்கவில்லை. குட்டான் எடு என்று என்னைக் கூப்பிடவுமில்லை. என்னோடு கோபம் என்று நினைத்தேன். பெட்டிகளைச் சரியாய் ஒளிக்கத் தெரியாதவள்தானே நான்.

புண் ஆறியது. விரல் தப்பியது. எல்லாம் பூவின் வேலை என்றார் அம்மா. ஊர்ச்சனம் வந்து பிடுங்கி எங்கள் வேலியோரம் மொட்டையானது.

இப்போது எனக்கும் சீனி வருத்தம். நானும் அதைத்தான் அவிக்கிறேன். கடிக்க ஒன்றும் வைப்பதில்லை.

அப்பா கடைசியாய்ப் படுக்கையில் கிடந்தபோது ஒரு கோப்பை கொண்டுபோனேன். ஒரு மிடறு குடித்தார். என் காலைப் பார்த்தார்.

"அண்டைக்குக் கொம்மா உனக்கு எத்தினை அடி அடிச்சவ எண்டு தெரியுமோ?"

தெரியாது என்றேன். நான் எண்ணவில்லை. அவர் எண்ணியிருக்கிறார்.

ஒன்பது.